சாவு வீட்டுக்குத் திறக்காத வால்வு

அல்லாஹ்வின் கிருபையால் பதினோரு வருடமாக எங்கள் ஊராட்சியில் டேங்க் ஆபரேட்டராக இருக்கிறேன். மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பி, தெரு முறைப்படி வால்வைத் திறந்து அடைப்பது வேலை. படிப்பு எட்டாவது. என்னைப் போல ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு உதவட்டும் என்று, இந்த வேலை கையைவிட்டுப் போக இருந்த நாளை எழுதுகிறேன்.

முதலில் பொன்னமராவதியில் ஒரு ஜவுளிக்கடையில் இருந்தேன். சாயம் போகுமா என்று ஒரு அம்மா கேட்டார்கள். போகும் என்றேன். அன்றோடு சரி. அடுத்து ஒரு ஹோட்டல். பாத்திரச் சத்தம் தாங்காமல் காதைப் பொத்திக்கொண்டு பின்கட்டில் போய் உட்கார்ந்துவிடுவேன். ஒன்பது நாள்தான்.

எனக்கு ஆட்டிசம் என்பது முப்பத்திரண்டு வயதில், மகளைக் காட்டப் போன இடத்தில் டாக்டரம்மா சொல்லித்தான் தெரியும். ஊரில் அதைக் காதர் மாமு ஒருவரிடம் மட்டும் சொன்னேன். அவர்தான் ஊராட்சித் தலைவரம்மாவிடம், "ஆளு பேச மாட்டான், சொன்ன நேரத்துக்கு நிப்பான்" என்று சொல்லி இந்த வேலையை வாங்கித் தந்தார். சாயங்காலம் மோட்டார் ரூமுக்கு வந்து பக்கத்தில் உட்காருவார். பேசு என்று சொல்ல மாட்டார். வேறு யாரும் அப்படி வந்து உட்கார்ந்ததில்லை.

வேலையில் சேர்ந்து மூன்றே மாதம். ஒரு காலை, மேலத்தெரு வால்வில் நின்ற என்னிடம் அவர் மகன் ரபீக் பைக்கில் வந்தார். "அத்தா மவுத்தாயிட்டாங்கண்ணே" என்றார். சாவுச் செய்தி கேட்டால் ஓதும் இன்னாலில்லாஹி ஓதினேன். சரி என்றேன். போய்விட்டார்.

அன்று மேலத்தெரு முறை. மாமுவின் பள்ளிவாசல் தெருவுக்கு மறுநாள்தான். முறையை மாற்றாதே என்றுதான் சேர்ந்த அன்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். அழுதுகொண்டே மேலத்தெருவுக்குத் தண்ணீர் விட்டேன்.

சாவு விழுந்த தெருவுக்கு முறை பார்க்காமல் திறந்துவிட வேண்டுமாம். ஊருக்கே தெரியும், எனக்குத் தெரியாது. பள்ளிவாசல் போர்வெல்லும் பழுதாகிக் கிடந்ததால், கேன் தண்ணீர் வாங்கித்தான் மாமுவின் மையித்தைக் குளிப்பாட்டினார்கள்.

நான்காம் நாள், என்னை வேலையைவிட்டு நிறுத்தச் சொல்லி ஊராட்சி அலுவலகத்துக்குப் பத்துப் பேர் வந்துவிட்டார்கள். ஏன் திறக்கவில்லை என்று தலைவரம்மா கேட்டார்.

"தண்ணி வேணும்னு யாரும் சொல்லலீங்கம்மா."

"இவருக்குச் சாவுக்கும் பத்திரிகை வைக்கணும்போல" என்றார் ஒருவர். சிரித்தார்கள். ரபீக் சிரிக்கவில்லை.

"பின்ன எதுக்குடா ஒன்னையத் தேடி வந்து சொன்னேன்?"

அவர் அத்தா என்மேல் வைத்திருந்த பிரியத்துக்காகச் சொல்ல வந்தார் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

எனக்கு இருப்பதை எல்லார் முன்னாலும் அன்றுதான் சொன்னேன். வாய்விட்டுச் சொல்லாதது எனக்குப் புரியாது, எழுதிக் கொடுத்தால் தவற மாட்டேன் என்றேன். தலைவரம்மா கிளார்க்கை எழுதச் சொன்னார். சாவு, கல்யாணம், தீப்பிடித்தால் என்று ஒவ்வொன்றாக எழுதினார்.

"சாவு வீட்டுக்கு எப்ப அடைக்கணும்? தூக்குன பெறகா, அடக்கம் முடிஞ்சு வந்து எல்லாரும் குளிச்ச பெறகாங்க?"

நான் இப்படிக் கேட்டதும் மறுபடியும் சிரிப்பு. தலைவரம்மா சிரிக்காமல், "குளிச்ச பெறகு. அதையும் எழுதுங்க" என்றார். வேலை நிலைத்தது.

அதனால் பிள்ளைகளா, சரி என்று தலையாட்டும் முன், "நான் என்ன செய்யணும்?" என்று கேளுங்கள். எழுதி வாங்குங்கள். சிரித்தால் சிரிக்கட்டும்.

அன்று மாலை மன்னிப்புக் கேட்க மாமு வீட்டுக்குப் போனேன். ரபீக் வாசலில் நின்றார்.

"ஒனக்கு வேலை நெலச்சிருச்சுல்ல. போ."

கோபத்தில் சொன்னாரா, மன்னித்துச் சொன்னாரா? அவர் முகத்தைப் பார்த்து எனக்குத் தெரியவில்லை. சில நாள் பள்ளிவாசலில் ஒரே வரிசையில் தொழுகிறோம். ஸலாம் சொல்வார், நானும் சொல்வேன். கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள் என்று உங்களுக்குச் சொல்கிற நான், அவரிடம் அதை இன்னும் கேட்கவில்லை.