டிரெய்லரின் இடது சக்கரம்

எத்தனையோ கல்யாணங்களைப் பார்த்துவிட்டேன். நடக்காத ஒன்றைத்தான் மறக்க முடியவில்லை.

தங்கையின் சீர்வரிசையை ஏற்றிய டிரெய்லர், போலாரத்தில் எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் ஜீப்புக்குப் பின்னால் நின்றது. கட்டில், பீரோ, ஆளுயரக் கண்ணாடி, எல்லாம் கர்னூலில் மாப்பிள்ளை வீட்டுக்கு. அண்ணன் ஒவ்வொரு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தான். டிரெய்லரின் இடது சக்கரம் மட்டும் களைத்த மாடுபோல் தரையோடு அமுங்கியிருந்தது.

“அண்ணா, இதுல காத்து கம்மியா இருக்கு. வழியில வெடிச்சிடும். பங்க்ல பார்த்துட்டுப் போ.”

“நக்கோ, வேணாம். ராகுகாலம் வந்துடும். கிளம்புற நேரத்துல பேசற பேச்சா இது?”

ஷாத்நகர் தாண்டியதும் டயர் வெடித்து டிரெய்லர் கவிழ்ந்தது. அண்ணனுக்குக் காயமில்லை. கண்ணாடி நொறுங்கியதைக் கேட்ட மாப்பிள்ளை வீட்டார், சகுனம் சரியில்லை என்று சம்பந்தத்தையே முறித்துக்கொண்டார்கள்.

எங்கள் வீட்டில் காற்றைப் பற்றி யாரும் பேசவில்லை. என் வாயைப் பற்றியே பேசினார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அழுது ஓய்ந்த தங்கை, முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைத்தான் கேட்டாள்.

“வெடிச்சிடும்னு ஏன்க்கா சொன்னே?”

இப்போதும் யாராவது ஊருக்குக் கிளம்பினால், ஒருவரும் சொல்லாமலே நான் சமையலறைக்குப் போய்விடுகிறேன். வண்டிச் சத்தம் தெருமுனை தாண்டிய பிறகுதான் வெளியே வருகிறேன்.