அத்தை சொன்ன சாட்சி

எங்கள் சபையில் ஞாயிறுதோறும் பிரசங்கத்துக்கு முன்னால் சாட்சி நேரம் என்று ஒன்று உண்டு. சபை என்றால் கவரைப்பேட்டையில் தகரக் கூரை போட்ட ஒரு ஹால். ஒவ்வொருவராக எழுந்து அந்த வாரம் ஆண்டவர் செய்த நன்மையைச் சொல்ல வேண்டும். பைக் பஞ்சரானது, அதுவும் பஞ்சர் கடை வாசலிலேயே ஆனது என்று ஒருவர் சொல்வார். மாமியாருக்குச் சர்க்கரை குறைந்ததை மருமகள் சொல்வாள். மாமியார் அதை நம்பாத முகத்தோடு உட்கார்ந்திருப்பார். ஒவ்வொன்றின் முடிவிலும் எல்லாரும் ‘ஆமென்’ சொல்வோம். ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளில் என் குரல்தான் பெரிது. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

அந்த மாதம் பாஸ்டர் தீர்க்கதரிசிகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். கண்ணெதிரே நடக்கிற அநியாயத்தைப் பார்த்துவிட்டு வாயைத் திறக்கிறவனே தீர்க்கதரிசி, அந்த அழைப்பு விசுவாசி ஒவ்வொருவருக்கும் உண்டு, மெஷின் முன்னால் நிற்கிறவருக்கும் உண்டு என்றார். அதற்கும் பலமாக ஆமென் சொன்னோம். சொன்னவர்களில் அதைத் தனக்கென்று எடுத்துக்கொண்டது என் அத்தை மட்டும்தான்.

அத்தை அப்பாவின் தங்கை. மாமா இறந்த பிறகு எங்களோடு இருந்தாள். சிப்காட்டில் பிளாஸ்டிக் மூடி செய்யும் ஒரு கம்பெனியில் மெஷின் ஓட்டினாள். அதே கம்பெனிக்கு ஆட்களை ஏற்றிப் போகும் பஸ்ஸை அப்பா ஓட்டினார். இரண்டு வேலையும் வாங்கிக் கொடுத்தவர் எங்கள் சபை மூப்பர். அவர் லேபர் காண்டிராக்டர். சபையில் பாதிப் பேருக்கு அவரால்தான் சோறு. அதனால் அவர் சாட்சிக்கு மட்டும் ஆமென் கூடுதல் சத்தத்தோடு வரும்.

அன்று அவர் எழுந்து, இந்த வருடம் முழுக்கக் கம்பெனியில் ஒருவருக்கும் ஒரு கீறல்கூட விழாமல் கர்த்தர் காத்தார் என்றார். நாங்கள் ஆமென் சொல்லி முடிப்பதற்குள் அத்தை எழுந்துவிட்டாள்.

“பிரதர் சொன்னது பொய்யி. போன வெள்ளிக்கெழம என் பக்கத்து மெஷின்ல ஒடிசா பொண்ணுக்கு ரெண்டு வெரலு போச்சு. கதவு மூடுனாதான் மெஷினு ஓடும். தொறந்துகினே ஓடட்டும், அப்பதான் வேல சீக்கிரம் ஆவும்னு இவருதான் கதவு சென்சாருல டேப் ஒட்டச் சொன்னாரு. ஒட்னது நான்தான். அதையும் கர்த்தர் பாத்துகினுதான் இருந்தாரு.”

ஒருவரும் ஆமென் சொல்லவில்லை. எல்லாரும் மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்து, நான் முழுக்குரலில் “ஆமென்” என்றேன். அம்மா என் தொடையைக் கிள்ளினாள். பாஸ்டர் அவசரமாக ஒரு பாட்டை எடுத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா அத்தைமேல் பாய்ந்தார்.

“உனுக்கு இன்னா வந்துச்சு? அதப் போயி சபையில வச்சா சொல்லுவ?”

“கம்பெனில சொன்னேண்ணா. எவனும் காதுல போட்டுக்கல.”

“ரெண்டு பேரு வேலையும் போச்சுன்னா இன்னாத்த துன்றது?”

“அந்தப் பொண்ண டிரெய்னு ஏத்தி ஊருக்கு அனுப்சிட்டாங்க. அது இன்னாத்த துன்னும்?”

சாயங்காலம் அப்பாவுக்கு ஒரு போன் வந்தது. “சரி பிரதர், சரி பிரதர்” என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார். யார் என்று அம்மா கேட்டதற்கும் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் காலை அவர் பஸ் எடுக்க முன்பே போய்விட்டார். நானும் அத்தையும் ரோட்டோரம் நின்றோம். அவளுக்குக் கம்பெனி பஸ், எனக்கு ஸ்கூல் வேன். அத்தை வழக்கம்போல கழுத்தில் அடையாள அட்டையும் கையில் சாப்பாட்டுப் பையுமாக இருந்தாள். அப்பாவின் பஸ் வந்ததும் கையை நீட்டினாள். பஸ் கொஞ்சம் வேகத்தைக் குறைத்தது. பிறகு எங்களைத் தாண்டிப் போயிற்று. ஜன்னலோரம் இருந்த பெண்கள் எல்லாரும் மடியில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்கள்.

அப்பா கவனிக்கவில்லை என்று நினைத்தேன். “நைனா, நிறுத்து! அத்த ஏறல!” என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடினேன். அத்தை வந்து என் புத்தகப் பையைப் பிடித்து இழுத்தாள்.

“ஓடாத. நைனா பாத்துட்டாரு.”

நான் நம்பவில்லை. பார்த்திருந்தால் நிறுத்தியிருப்பாரே என்று வேன் வரும்வரை அவளோடு சண்டை போட்டேன். அப்பாமேல் வீண்பழி போடுகிறாள் என்று கோபம் கோபமாக வந்தது. அவள் தன் சாப்பாட்டிலிருந்த முட்டையை எடுத்து என் டப்பாவில் வைத்தாள்.

பார்த்த பிறகும் ஒரு மனிதர் எப்படி நிறுத்தாமல் போக முடியும் என்று அந்த வயதில் எனக்கு விளங்கவில்லை. இப்போது நானும் இதே வட்டாரத்தில் ஒரு கம்பெனியில்தான் இருக்கிறேன். பாதுகாப்புப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவது என் வேலை. மெஷின்களுக்கு நடுவே சுற்றி வரும்போது டேப் ஒட்டிய சென்சார் எப்போதாவது கண்ணில் படும். கொஞ்சம் நடையைக் குறைப்பேன். பிறகு தாண்டிப் போய்விடுவேன்.