தென்காசி டவுன் பஸ்ஸில் தனியாகப் போன தலைதீபாவளிப் பை

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஒரு சனி, ஞாயிறு தென்காசிக்குப் போய்வந்தேன். அண்ணன் மகளுக்கு இது தலைதீபாவளி. அவளுக்கும் மாப்பிள்ளைக்கும் துணி எடுக்க மைனி என்னைத் துணைக்குக் கூப்பிட்டார். அண்ணியை எங்கள் பக்கம் மைனி என்போம். கூடவே குற்றாலத்தில் நல்ல தண்ணீர் என்றும் சொன்னார். சென்னையில் பக்கெட் தண்ணீரில் குளித்து அலுத்தவளுக்கு இதற்கு மேல் காரணம் வேண்டுமா?

எழும்பூரிலிருந்து ராத்திரி ரயில். காலை ஏழு ஐம்பதுக்குத் தென்காசியில் இறங்கினேன். ஸ்டேஷனிலிருந்து அண்ணன் வீடு இருக்கும் குத்துக்கல்வலசைக்கு ஆட்டோ நூற்றிருபது ரூபாய். பேரம் பேசியிருந்தால் நூறுக்கு வந்திருப்பார். மேற்கே மலை முழுக்க மேகம் கிடந்தது, பேச மனம் வரவில்லை.

இட்லி சாப்பிடும்போதே வீட்டில் விவாதம் தொடங்கிவிட்டது. அண்ணன் இருபத்திரண்டு வருஷம் பட்டாளத்தில் இருந்தவர். போன வருஷம்தான் கார் வாங்கியிருக்கிறார்.

"துணி எடுக்க பஸ்ல போறதுக்கா காரு வாங்கிப் போட்டிருக்கு?" என்றார் அண்ணன்.

"ஒங்க காரு கடை வாசல் வரைக்கும் வருமா? தீபாவளிக் கூட்டத்துல ரத வீதிக்குள்ள சைக்கிளே போவ முடியல" என்றார் மைனி. "நீங்க எங்கனயாவது நிப்பாட்டிக்கிட்டு நிமிசத்துக்கு ஒருக்கா போன் அடிப்பிய. நான் சேலையைப் பாப்பேனா, போனைப் பாப்பேனா?"

அண்ணன் ஆன்லைன் வரைக்கும் போனார். பட்டைத் தொட்டுப் பார்க்காமல் எடுக்கிறவள் நானில்லை என்று மைனி அதையும் தள்ளிவிட்டார். சென்னையில் நானே தி.நகருக்கு மின்சார ரயிலில்தான் போகிறேன், கார் வைத்திருக்கிற தோழிகள்தான் நிறுத்த இடம் தேடி ஒரு மணி நேரம் சுற்றுகிறார்கள் என்று நானும் என் பங்குக்கு எடுத்துவிட்டேன். அண்ணன் தட்டில் கை கழுவிக்கொண்டே தீர்ப்புச் சொன்னார்.

"சரி, போங்க. ஒரு சாமான் தொலைஞ்சாலும் இனி எங்க போனாலும் கார்லதான். இன்னையோட இந்தப் பேச்சு முடிஞ்சிரணும்."

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். மைனி சிரிக்கவில்லை. பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் காசு இல்லை என்று ஆன பிறகுதான் மைனி தனியாக வெளியே போகத் தொடங்கினார். பேங்குக்கு, கோயிலுக்கு, அச்சன்புதூரில் இருக்கும் கூடப் படித்த தோழி வீட்டுக்கு. அதற்கு முன்னால் எங்கே போவதென்றாலும் அண்ணனுக்குத் தோதான நேரம் பார்த்துக் காத்திருப்பார். அந்த விளையாட்டுப் பேச்சு அவருக்கு விளையாட்டு இல்லை என்பது பஸ் நிறுத்தத்துக்கு நடக்கும்போதுதான் எனக்குப் புரிந்தது.

பத்தேகாலுக்குப் பஸ் வந்தது. முன்பக்கம் ரோஸ் நிறம் அடித்த வண்டி, எங்கள் இருவருக்கும் டிக்கெட்டுக்குக் காசு இல்லை. கால் மணி நேரத்தில் ஊருக்குள் இறங்கினோம். துணிக்கடையில் ஆலங்குளம் பக்கத்திலிருந்து ஒரு குடும்பமே வேன் பிடித்து வந்து இறங்கியிருந்தது, பதினேழு பேர். கல்யாண வீடு மாதிரி இருந்தது மேல்மாடி. அரக்குப் பட்டு ஒன்றை மைனி எடுப்பதும் வைப்பதுமாக ஒரு மணி நேரம் போனது. கடைசியில் அதுவே. மாப்பிள்ளைக்குப் பட்டு வேட்டி, சட்டை. எல்லாம் சேர்த்துப் பதினான்காயிரத்து முந்நூறு. கடைப் பெயர் போட்ட மஞ்சள் கட்டைப்பையில் போட்டுக் கொடுத்தார்கள். அன்று தென்காசியில் பாதிப் பேர் கையில் அதே பைதான்.

சாப்பாடு தலைக்கு நூற்றுப் பத்து. அவியல் நன்றாக இருந்தது, இரண்டு முறை கேட்டு வாங்கினேன். வீட்டுக்கு ஒரு பெட்டி இனிப்பும் வாங்கிக்கொண்டோம். இரண்டே முக்காலுக்கு பஸ் ஸ்டாண்டில் குற்றாலம் வண்டிக்காக நின்றோம்.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். வண்டி உள்ளே நுழையும்போதே ஜன்னல் வழியாகப் பையையோ துண்டையோ சீட்டில் போட்டுவிட்டால் அந்த இடம் உங்களுடையது. படியில் எவ்வளவு கூட்டம் முட்டினாலும் நீங்கள் கடைசியில் ஏறி நிதானமாக உட்காரலாம். 'குற்றாலம்' என்று பலகை வைத்த வண்டி வந்தது. மைனி ஓடிப் போய் மூன்றாவது ஜன்னலில் மஞ்சள் பையைப் போட்டார், என்னை அங்கேயே நிறுத்திவிட்டுப் படிக்கு ஓடினார். அதற்குள் கண்டக்டர் பலகையைத் திருப்பிவிட்டார். குற்றாலம் போய்த் திரும்பி வந்த வண்டி அது. அடுத்த நடை அச்சன்புதூருக்கு.

"குத்தாலத்துக்கு அன்னா பின்னால வருது" என்று யாரோ சொல்ல, நாங்கள் இருவரும் பின்னால் ஓடினோம். அந்த வண்டியில் எங்கள் அதிர்ஷ்டம், இரண்டு சீட்டு காலியாகவே கிடந்தது. வெற்றிக் களிப்பில் உட்கார்ந்தோம். ஜன்னல் பக்கம் நின்ற நான் பையை எடுத்திருப்பேன் என்று மைனி நினைத்தார். போட்டவர் எடுத்திருப்பார் என்று நான் நினைத்தேன். ஐந்து நிமிடம் கழித்து என் மடியிலிருந்த இனிப்புப் பெட்டியைப் பார்த்துவிட்டு மைனி கேட்டார்.

"பை எங்க?"

இருவரும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டோம். மைனியின் முகம் வெளுத்துவிட்டது. பணம் போனதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "இனி நான் எங்கயும் போவ முடியாது செல்வி" என்றார்.

கண்டக்டரிடம் போய்ச் சொன்னேன். ஐம்பது வயது இருக்கும். கேட்டுவிட்டு அவர் பதறவே இல்லை.

"சீட்டுலயா போட்டிய, தரையிலயா?"

"சீட்டுல."

"அப்ப பயப்படாதிய. சீட்டுல கெடக்க பைய ஆரும் தொட மாட்டாவ. ஆளு வருவாவன்னு நெனப்பாவ."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. சென்னையில் மெட்ரோவில் ஒரு பை தனியாகக் கிடந்தால் முதலில் போலீஸ்தான் வரும். அவர் அந்த வண்டிக் கண்டக்டருக்கு இரண்டு தடவை போன் போட்டார், எடுக்கவில்லை. டிக்கெட் போடும் நேரம், எடுக்க மாட்டார் என்றார். வண்டி நாலு இருபதுக்குத்தான் திரும்பி வரும், அதுவரை ஸ்டாண்டில் நின்று என்ன செய்யப் போகிறீர்கள், குளித்துவிட்டு வாருங்கள், நான் பேசி வைக்கிறேன் என்றும் சொன்னார்.

தென்காசியிலிருந்து குற்றாலம் ஆறு கிலோமீட்டர்கூட இல்லை. மூன்றேகாலுக்கு இறங்கினோம். மெயினருவியில் தண்ணீர் இரைந்து விழுந்தது, பெண்கள் பக்கம் கூட்டமும் குறைவு. மைனி கரையில் உட்கார்ந்துவிட்டார். அண்ணனிடமிருந்து நான்கு முறை போன். "அருவியில நிக்கோம், சத்தத்துல ஒண்ணும் கேக்கல" என்று மைனி வைத்துவிட்டார். நான் தலையைக் கொடுத்துப் பத்து நிமிடம் நின்றேன். உண்மையைச் சொன்னால், அந்தப் பத்து நிமிடமும் எனக்குப் பை நினைவே வரவில்லை. அதற்காக அப்புறம் வெட்கப்பட்டேன்.

நாலேகாலுக்கு ஸ்டாண்டுக்குத் திரும்பிவிட்டோம். அச்சன்புதூர் வண்டி நாலு முப்பத்திரண்டுக்கு வந்தது. நின்றபடியே டிக்கெட் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார் அதன் கண்டக்டர். அவருடைய சீட்டில் மஞ்சள் பை உட்கார்ந்திருந்தது.

"ஒங்களதுதானா? உள்ள என்ன இருக்கு, சொல்லுங்க" என்றார். மைனி சேலையின் நிறம், கரை, வேட்டி எல்லாம் ஒப்பித்தார். அதன் பிறகுதான் கண்டக்டர் சிரித்தார்.

"போவும்போது மூணு பேரு நின்னுக்கிட்டே வந்தாவ. ஒரு அக்காவுக்கு முட்டி வலி வேற. 'பை மட்டும்தான இருக்கு, தூக்கி மடியில வச்சுக்கிட்டு உக்காருங்க'ன்னு சொன்னேன். 'வேண்டாம், போட்டவ கூட்டத்துக்குள்ள எங்கனயாவது நிப்பா, வருவா'ன்னுட்டாவ. அச்சன்புதூர்ல எல்லாரும் எறங்குனாவ. பை எறங்கல."

பன்னிரண்டு கிலோமீட்டர். முட்டி வலியோடு ஒரு பெண்மணி எங்கள் பைக்காக நின்றிருக்கிறார். மைனி பையை வாங்கிக்கொண்டு அங்கேயே அழுதுவிட்டார். கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு அடுத்த நடைக்கு ஏறிவிட்டார்.

அண்ணனிடம் சொல்ல வேண்டாம் என்றுதான் வழியெல்லாம் நான் சொல்லிக்கொண்டு வந்தேன். வீட்டுக்குள் நுழைந்ததும் மைனி செருப்பைக்கூடக் கழற்றாமல் முழுவதையும் சொல்லிவிட்டார். அண்ணன் கடைசிவரை கேட்டார்.

"அந்தக் கண்டக்டர் பேரு என்ன?" என்று மட்டும் கேட்டார்.

எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. குற்றாலம் வண்டிக் கண்டக்டர் பெயரும் தெரியவில்லை. அப்போதுதான் அண்ணனுக்குக் கோபம் வந்தது. "ஏட்டி, இவ்வளவு செஞ்சிருக்காவ, பேருகூடக் கேக்காமலா வந்திய?"

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அண்ணன் இரண்டு இனிப்புப் பெட்டியோடு கிளம்பினார். கார் சாவி ஆணியிலேயே தொங்கியது. கண்டக்டரைப் பஸ்ஸில்தானே பிடிக்க முடியும். குற்றாலம் ஒரு நடை, அச்சன்புதூர் ஒரு நடை, இரண்டுக்கும் காசு கொடுத்து டிக்கெட் வாங்கிப் போய்விட்டுப் பன்னிரண்டரைக்கு வியர்த்து வழியத் திரும்பினார். தண்ணீர் குடித்துவிட்டு மைனியைப் பார்த்தார்.

"நாலு தடவ போன் அடிச்சேன. அப்பவே சொல்லியிருந்தா நானும் ஓடி வந்திருப்பேன்லா?"

"சொன்னா நான் பஸ்ல போறத நிப்பாட்டிருவியளேன்னு பயந்துட்டேன்" என்றார் மைனி.

அண்ணன் செம்பைக் கீழே வைத்தார். "ஒன்ன நிப்பாட்டுறதுக்கு நான் யாரு" என்றார். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அவர் இப்படிச் சொல்லிக் கேட்டதில்லை என்று மைனி என்னை ரயிலேற்றும்போது சொன்னார்.

நீங்கள் போவதாக இருந்தால் சில விஷயங்கள். ரோஸ் நிற டவுன் பஸ்ஸில் எந்த ஊர்ப் பெண்ணுக்கும் டிக்கெட்டுக்குக் காசு இல்லை, அட்டை எதுவும் காட்ட வேண்டாம். துணிக்கடைக்குப் பதினோரு மணிக்குள் போய்விடுங்கள். மழை பலத்தால் அருவியில் குளிக்க விட மாட்டார்கள், பஸ்ஸிலேயே விசாரித்துக்கொண்டு இறங்குங்கள். அருவியில் சோப்பு, எண்ணெய் கூடாது. ஜன்னலில் பை போடும் முன் பலகையைப் பார்க்காதீர்கள், கண்டக்டரைக் கேளுங்கள். சீட்டில் பை கிடந்தால் ஆள் வருவார் என்று நம்பி நில்லுங்கள், எங்களுக்காக ஒருவர் நின்றிருக்கிறார். அந்த அக்காவை அண்ணனாலும் கண்டுபிடிக்க முடியவில்லை.

மற்ற இருவரின் பெயர் தெரிந்துவிட்டது. குற்றாலம் வண்டியில் வந்தவர் முருகேசன் அண்ணாச்சி. பையைத் தன் சீட்டில் உட்கார வைத்துவிட்டு அச்சன்புதூரிலிருந்து நின்றுகொண்டே வந்தவர் சாகுல் அண்ணாச்சி.