எனக்கென விட்டுவைத்த வசனம்

போன வாரம் இந்தப் பக்கத்தில் என்னைக் காணவில்லையே, எங்கே போயிருந்தேன்? எங்கேயும் போகவில்லை. பாளையங்கோட்டையில், என் வீட்டு மாடி அறையில்தான் கிடந்தேன். ஐம்பது வயதுக்கு மேல் சின்னம்மை!

மகள் ஜெமிக்கு ப்ளஸ் டூ பரீட்சை நேரம். அவளுக்கு இன்னும் அம்மை வந்ததில்லை. அதனால் மனைவி எஸ்தர் என்னை மாடிக்கு நாடு கடத்திவிட்டாள். கதவடியில் சாப்பாட்டை வைப்பாள், ஒரு குரல் கொடுப்பாள், இறங்கிப் போய்விடுவாள்.

காய்ச்சலில் எல்லாமே மிதந்தது. கட்டில் மெல்ல நகர்ந்து தாமிரபரணியில் இறங்குவதுபோல... கரை மருத மரங்கள் தலைக்கு மேலே போவதுபோல... சுகமாகத்தான் இருந்தது. விழித்தால்தான் பயம். ஜெபம் பண்ணக் கண்ணை மூடுவேன் — ‘ஆண்டவரே’க்கு மேல் ஒரு வார்த்தை வராது. அந்தப் பக்கம் ஆள் இருக்கிறாரா என்றே சந்தேகம் வந்துவிட்டது. பிறந்ததிலிருந்து ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவனுக்கு இது சின்ன பயமா?

சாயங்காலம் கீழே குடும்ப ஜெபம். எங்கள் பக்கத்து வழக்கம் தெரியுமில்லையா? வேதாகமத்தில் ஒரு சங்கீதத்தை எடுத்து, ஆளுக்கொரு வசனமாகச் சுற்றி வாசிப்போம். எங்கள் வீட்டில் முதலில் எஸ்தர், அடுத்து ஜெமி, அப்புறம் நான்.

மாடிப்படி வழியே சத்தம் நன்றாகக் கேட்கும். எஸ்தர் வாசித்தாள். ஜெமி வாசித்தாள். பிறகு... அமைதி. கொஞ்சம் கழித்து மறுபடி எஸ்தர், ஜெமி. மறுபடி அமைதி. மூன்றாவது வசனத்தை அப்படியே விட்டுவிட்டுப் போகிறார்கள்! நான் இல்லாவிட்டால் என் வசனத்தை வாசிக்கக்கூட ஆளில்லையா? எனக்குச் சுருக்கென்றது.

மறுநாளும் அதே கதை. பொறுக்க முடியாமல் மேலிருந்தே கத்தினேன்.

“என்ன, நடுவுல நடுவுல முழுங்குதிய?”

“அது ஒங்க வசனம்லா?” என்றாள் எஸ்தர் கீழிருந்து. “நாங்க எப்படி வாசிக்க? நீங்க அங்கன மனசுக்குள்ள வாசிப்பியன்னு நிறுத்துதோம். முடிச்சிருப்பியன்னு தோணுன பெறவுதான் அடுத்தது.”

நான் எங்கே வாசித்தேன்? விட்டத்தைப் பார்த்துக் கோபப்பட்டுக்கொண்டல்லவா கிடந்தேன்!

வேதத்தை எடுத்தேன். எழுத்தெல்லாம் கலங்கியது, காய்ச்சல் மட்டும் காரணமில்லை. என் முறை வந்தது. கலங்கிய வரிகளில் விரலை ஓட்டி என் வசனத்தைத் தேடினேன். கீழே யாரும் அவசரப்படவில்லை.

“பைய வாசிங்கப்பா. நாங்க இங்கனதான் இருக்கோம்” என்றாள் ஜெமி.

வாசித்தேன். அழுதுகொண்டேதான் வாசித்தேன். நாலு சுவருக்குள் அடைபட்டுக் கிடந்தவனுக்கு, கூட யாரோ வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. பயம் விட்டுப்போனது.

யோசித்துப் பாருங்கள் — கடவுள் பேசாமல் இருந்தால் போய்விட்டார் என்றே முடிவுகட்டிவிடுகிறோம். நம்முடைய முறைக்காகக் காத்துக்கொண்டிருக்கலாம் என்று ஏன் தோன்றுவதில்லை?

அடுத்த நாள் நான் எடுக்கச் சொன்னது, இருப்பதிலேயே நீளமான சங்கீதம். பாதியில் ஜெமி கெஞ்ச ஆரம்பித்தாள்.

“அப்பா, போதும்லா? காலையில கெமிஸ்ட்ரி பரீட்சை!”

“ஏட்டி, சும்மா இரு. இது என் வசனம்!”