கூப்பிட்டது கேட்கவில்லை

மந்தைவெளியில் எங்கள் ஃபிளாட்டின் சின்ன அறையை என் கணவர் ஹோம் தியேட்டராக மாற்றினார். சத்தம் வெளியே போகாமல் ஜன்னலை அடைத்து, அறைக் கதவு இடுக்கிலும் ரப்பர் பட்டை ஒட்டி, ஆம்ப்ளிஃபையரைக் கதவு போட்ட மர அலமாரிக்குள் வைத்தார். அலமாரியைத் தொட்டால் கை சுடும். "அதான் ஏசி இருக்கே, விடு" என்பார். ஆபீஸ் அலுப்பில் நானும் விட்டுவிட்டேன்.

போன கோடையில் நான் லீவில் இருந்த ஒரு மதியம் என் மாமனார் உள்ளே கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். மூட்டு வலியால் தானாக எழுந்திருக்க முடியாதவர். கரண்ட் போனது. இன்வெர்ட்டரில் டிவியும் ஆம்ப்ளிஃபையரும் ஓடின, ஏசி நின்றுவிட்டது. சமையலறையில் ஃபேன் சுற்றியதால் எனக்கு அது உறைக்கவே இல்லை. காபி கொடுக்கக் கதவைத் திறந்தால் அனல் முகத்தில் அடித்தது. மாமா வேர்வையில் நனைந்து சோபாவில் சரிந்து கிடந்தார்.

"மாமா, ஏன் என்னைக் கூப்பிடலை?"

"கூப்பிட்டேனேம்மா... உனக்குக் கேக்கலையா?"

எதிர்வீட்டுக்காரர் உதவியோடு ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டிரிப்ஸ் ஏற்றினார்கள். "இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் கஷ்டம்" என்றார் டாக்டர்.

அன்று சாயங்காலமே என் கணவர் அலமாரிக் கதவைக் கழற்றினார். இப்போது ஜன்னலில் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடுகிறது. ஏசி நின்றால் எல்லாவற்றையும் அணைத்துவிடுகிறோம். மாமா உள்ளே இருக்கும்போது அறைக் கதவைச் சாத்துவதே இல்லை. கமென்டரி வீடு முழுக்க அலறுகிறது, எனக்குத் தலை வலிக்கிறது. வலித்தால் வலிக்கட்டும். அவர் முனகினால்கூட எனக்குக் கேட்க வேண்டும்.