அத்தை வரைந்த மரம்

சலவைக் கடைக்காரிக்கு அப்பா வழியில் சொந்தம் என்று ஒரு ஈ காக்கா கிடையாது. "எனக்கு யாருமில்ல" என்பதோடு பேச்சை முடித்துக்கொள்கிற மனிதர் அவள் அப்பா. போன வருஷம் போய்ச் சேர்ந்தார். கடைசியாக வழியனுப்ப, அவருடைய ரத்தம் என்று அவள் ஒருத்திதான் நின்றாள். அது அவளை அரித்துக்கொண்டே இருந்தது.

இயந்திரத்தில் துணி சுற்றுகிற நேரமெல்லாம் அவருடைய சொந்தங்களைப் போனில் தேடினாள். பழைய வாக்காளர் பட்டியல், பிறப்புப் பதிவு, செய்தித்தாள் தொகுப்பு, எதிலும் அவர் இல்லை.

"வாரத்துக்கு ஒரு சாக்ஸ் காணாமப் போகுது. கையோட அதையும் தேடு" என்றான் புருஷன்.

"சாக்ஸுக்கு அழ ஆளில்ல. நீங்க சும்மா இருங்க."

கடைசியில், குடும்ப மரம் வரைந்து வைக்கிற ஒரு தளத்தில் கிடைத்தார். அவர் பெயர், இளவயதுப் படம். கிழிந்து இரண்டான காது மடல். சின்ன வயதில் அவள் தடவித் தடவித் தூங்கிய காது. மரத்தைப் போட்டிருந்தது அவருடைய தங்கை.

அவளுக்கு ஒரு அத்தை இருக்கிறாள். புருஷனைக் கூப்பிட வாயெடுத்தவள், படத்துக்குக் கீழே இருந்ததைப் படித்தாள்.

"படகு கவிழ்ந்து இறந்தார். உடல் கிடைக்கவில்லை. இன்றைக்கும் கரைப்பக்கம் போனால் கண் தேடுகிறது, அண்ணா."

இறந்ததாகப் போட்டிருந்த வருஷத்துக்கு அப்புறம்தான் அவளே பிறந்தாள்.

"எழுதிடு. உயிரோடதான் இருந்தாருன்னு தெரிஞ்சா சந்தோஷப்படுவாங்கல்ல?" என்றான் புருஷன்.

"என்னன்னு எழுத? நீங்க அழுததெல்லாம் வீண், உங்க அண்ணன் வேற ஊர்ல பொண்டாட்டி பிள்ளையோட சௌக்கியமா இருந்தார்னா? உங்களுக்கு ஒரு வரி எழுத அவருக்கு மனசு வரலன்னா?"

அவன் யாருடைய சட்டையையோ எடுத்து மடிக்க ஆரம்பித்தான்.

அந்தத் தளத்தில் இறந்தவர்களுக்குப் பூ வைக்கலாம். தொட்டால் படத்தின் அடியில் ஒரு பூ வந்து நிற்கும். பெயர் போடாமல் அதை மட்டும் வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனாள்.

மறுநாள் கடை திறக்கும்போது போனில், அந்தப் பூவுக்குக் கீழே பதில் வந்திருந்தது.

"பூ வெச்சதுக்கு ரொம்ப நன்றிங்க. இதுவரைக்கும் என்னைத் தவிர யாரும் வெச்சதில்ல. எங்க அண்ணனை உங்களுக்குத் தெரியுமா?"

கதவைப் பாதி திறந்தபடியே வாசலில் நின்றாள். "இல்லீங்க அத்தை" என்று அடித்தாள். கடைசிச் சொல்லை மட்டும் அழித்துவிட்டு அனுப்பினாள்.