துரையின் பையில் வைத்த பட்டியல்

லண்டன் பாராளுமன்றத்தின் மிக இளைய உறுப்பினர் ரங்கூனுக்கு வருகிறார் என்று செய்தித்தாளில் படித்தபோது, அவருடைய வாழ்க்கை எனக்கு ஏற்கெனவே மனப்பாடம். சுரங்கத் தொழிலாளியின் மகன். உதவித்தொகையில் படித்தவர். இருபத்தாறு வயதில் தொழிலாளர் வாக்குகளால் ஜெயித்தவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். அந்தத் துரையை நான் அந்நியராகவே நினைக்கவில்லை.

தலைமை ஆசிரியை என்னை அவருக்கு மொழிபெயர்க்க அனுப்பினார். கூலிகள் முறை வைத்துத் தூங்கும் அறையில் அவர் எல்லோரையும்போலத் தரையில் உட்காரப் பார்த்தார். கால் மடங்கவில்லை.

"தொரைக்கு முட்டி பிடிச்சிருச்சு, எண்ணெய் போடுங்கடா" என்றார் பக்கத்து அறை மாமா. அதை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை.

வேலையிடத்தில் குடிக்கத் தண்ணீர் இல்லை, அடிபட்டவனை மறுநாள் வேலைக்குக் கூப்பிடுவதில்லை என்று சொன்னார்கள். "எழுதிக் கொடுங்கள், சபையில் நானே வாசிக்கிறேன். காகிதம் என் பையைவிட்டு வெளியே போகாது" என்றார் அவர்.

அப்பா தயங்கினார். "பேரு வேணாம் ஆத்தா. மேஸ்திரி காதுக்குப் போனா பொழப்பே போச்சு."

"பேரில்லாத மனுவ யாருப்பா மதிப்பா? இவரு நம்ம ஆளு" என்றேன் நான்.

பதினோரு பேர் கட்டைவிரல் ரேகை வைத்தார்கள். துறைமுகத்தில் ஒருவனைப் பெயரால் மட்டும் யாரும் சொல்வதில்லை. எந்த மேஸ்திரி வேலைக்கு எடுத்த ஆள் என்பதையும் சேர்த்தே சொல்வார்கள். நானும் அப்படியே எழுதினேன். ஒவ்வொரு ரேகைக்கும் எதிரே ஆள் பெயர், மேஸ்திரி பெயர். கோடு போட்டு, இங்கிலீஷில், பிழையில்லாமல். அவர் என் கையெழுத்தைப் பாராட்டினார். அன்று முழுவதும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

மூன்றாம் நாள் காலை துறைமுக வாசலில் மேஸ்திரிகள் ஆள் கூப்பிட்டபோது அந்தப் பதினோரு பேரை மட்டும் கூப்பிடவில்லை. அப்பாவின் மேஸ்திரி சிரித்துக்கொண்டே சொன்னாராம்: "ஒம் மக எழுத்து முத்து முத்தா இருக்காமே! யாரு யாரோட ஆளுன்னு துறைமுக ஆபீஸ் கிளார்க்குக்குத் தேடுற வேலையே இல்லையாம்."

துறைமுக அதிகாரி தன் வீட்டில் துரைக்கு வைத்த விருந்தில் பரிமாறிய பட்லர் எங்கள் தெருக்காரர். "அந்தக் காகிதத்த யாரும் பிடுங்கல தங்கச்சி. சாப்பிட்டு முடிச்சு, சுருட்டுப் பத்தவச்சுக்கிட்டு, இதையும் பாருங்கன்னு அவரே நீட்டினாரு" என்றார்.

பதினோரு பேரையும் திரும்ப வேலைக்கு எடுக்கச் சொல்லுங்கள் என்று அவருக்கு எழுதினேன். பதில் வருவதற்குள் அவர் துணை மந்திரியாகிவிட்டார். ரங்கூன் கூலிகள் தன்னிடம் ஒரு குறையும் சொல்லவில்லை என்று அவர் சபையில் பேசியதைச் செய்தித்தாளில் படித்தேன். அடுத்த கப்பலில் அச்சடித்த அட்டை ஒன்று வந்தது. என் அக்கறைக்கு நன்றி என்று இருந்தது.

அறையில் எல்லோர் முன்னாலும் அதை வாசித்தேன்.

"அவ்வளவுதானா? நம்ம பேரு ஏதாச்சும் இருக்கா?" என்று மாமா கேட்டார்.

"இல்ல மாமா."

"அவரு அதுல ஒண்ணும் எழுதல. நீதான் எழுதக் கூடாததெல்லாம் எழுதிட்ட."

யாரும் சிரிக்கவில்லை.

அந்த வாரமே அப்பா ஆற்றின் மேல்திசையில் தள்ளியிருந்த ஒரு அரிசி மில்லில் வேலை தேடிப் புறப்பட்டார். போய்ச் சேர்ந்ததும் விலாசம் சொல்லி அனுப்புங்கள், எழுதுகிறேன் என்றேன். படகில் ஏறி உட்கார்ந்த பிறகு சொன்னார்.

"கடுதாசி போடாத ஆத்தா. அங்கயும் வாசிக்கிறவன் இருப்பான்."